துண்டுக்கு அடியில்

நாக்கை அசைக்காம ஒரு மணி நேரம் கிடக்கணுமாம். சொல்லிட்டுப் போயிருச்சு இந்த ஸ்கேன் எடுக்குற பிள்ளை, பிரின்ஸி, கதவையும் சாத்திட்டு. யாருகிட்ட வந்து சொல்லுது பாரு. மணப்பாறை மாட்டுச்சந்தையில இந்த ஆண்டியப்பன் வாயை மூடுனா அன்னிக்குச் சந்தை கலைஞ்சிருச்சுன்னு அர்த்தம். நாப்பது வருஷமா மாட்டுத் தரகு. விக்கிறவனுக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல நின்னு கத்திக் கத்தியே சோறு தின்னவன் நான். என்னைப் பிடிச்சு இந்தச் சாய்வு நாற்காலியில படுக்கப் போட்டு, கம்பளியைப் போத்தி, விளக்கையும் பாதி அணைச்சு, ‘அப்பா, பேசக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, போன் பாக்கக் கூடாது, சும்மா எச்சில் முழுங்கிக்கிட்டே இருக்கக் கூடாது, கண்ணை மூடி அமைதியா இருங்க’ன்னா எப்படி? எச்சில்! எச்சில் எங்க தாயி இருக்கு முழுங்குறதுக்கு? நாக்குல புத்துநோய்னு கழுத்துக்குக் கரண்டு வச்சதுல அது வத்திப் போயி ஆறு மாசமாச்சு. இப்பல்லாம் சோத்துக் கைக்குப் பக்கத்துல தண்ணி பாட்டில் இல்லாம எனக்குப் பொழுது நகராது, அதையும் வெளிய வெள்ளைகிட்ட குடுக்கச் சொல்லிருச்சு. குடுக்கும்போது வெள்ளை என் மூஞ்சியப் பாத்தா. நான் பாக்கலை. வெள்ளையம்மா என் பொண்டாட்டி, முப்பத்தி மூணு வருஷமா என் மூஞ்சியப் படிக்கிறவ, அவ பாக்கும்போது நான் பாக்கக் கூடாது, பாத்தா பிடிச்சுப்புடுவா. அதனால சொவத்துல தொங்குற ஏசு படத்தைப் பாத்துக்கிட்டே பாட்டிலைக் குடுத்துட்டு உள்ள வந்துட்டேன்.

மருந்தைக் கொண்டாந்த விதம் இருக்கே, கனமான ஈயப் பெட்டிக்குள்ள வச்சு, உடம்புல ஒட்டாமக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. தூக்கிட்டு வர்ற உனக்கே இம்புட்டுப் பயம்னா உள்ள ஏத்திக்கிறவனுக்கு எப்படி இருக்கும்னு கேட்டேன். என் பேச்சு இப்பக் கொழகொழன்னுதான் வரும், புதுசாக் கேக்குறவங்களுக்குப் பாதி விளங்காது, ஆனா இந்தப் பிள்ளைக்கு விளங்குச்சு, இங்க வர்றதுல பாதிப் பேரு என்னை மாதிரிதானே. ‘வெறும் சர்க்கரைத் தண்ணிதான்பா, அதுல கொஞ்சம் மருந்து. உள்ள கெட்டது ஏதும் இருந்தா அது சர்க்கரையைத் தேடித் தேடித் திங்கும். தின்ன இடம் படத்துல வெளிச்சமாத் தெரியும்.’ சரி, இது தெரிஞ்ச கதைதான், போன தடவையும் சொன்னாங்க. அடுத்ததாச் சொன்னதுதான் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ‘ஆனா வேலை செய்யுற சதையும் சர்க்கரை திங்கும்பா. நீங்க பேசிக்கிட்டே இருந்தா நாக்கு திங்கும், அதுவும் வெளிச்சமாத் தெரியும், அப்புறம் எது நோவு எது பேச்சுன்னு டாக்டருக்குக் கொழப்பம் வரும். அதுக்குத்தான் பேசாதீங்கன்னு தலை தலையா அடிச்சுக்கிறோம்.’ அடப்பாவி மகளே, இதைப் போன தடவையே வெவரமாச் சொல்லியிருக்கக் கூடாதா? பேசாதீங்கன்னு அப்பவும் ஒரு ஆளு சொன்னாரு. ஆஸ்பத்திரின்னா சத்தம் போடாதேன்னு சொல்லுவாங்க, கோயில்னா செருப்பைக் கழட்டும்பாங்க, அது மாதிரின்னு நெனச்சேன். அந்தா, அந்த நாற்காலியில அன்னிக்குத் தோகைமலைக்காரர் ஒருத்தர் கிடந்தார். அவருக்குத் தொண்டை. எந்த ஊருன்னு கேட்டேன், தோகைமலைன்னார், மாடு இருக்கான்னேன், ரெண்டு கறவைன்னார். அவ்வளவுதான். சினை பிடிக்காத மாட்டுக்கு என்ன குடுக்கணும், காளைக்கன்னை எந்த மாசம் வித்துக் கழிக்கணும், எந்தச் சுழி இருந்தா வீட்டுக்கு ஆகாது, மணி ஓடுனதே தெரியலை. ரெண்டு பேரும் வாய் ஓயாமப் பேசுனோம். அதுக்கு அப்புறம் வந்த படத்துலதான் அந்தப் புள்ளி.

புள்ளி. டாக்டரம்மா பென்சிலால தொட்டுக் காட்டுச்சு. கணினித் திரையில என் தலையும் கழுத்தும் சாம்பல் கலரா நின்னுச்சு, நாக்குக்கு அடியில, இடது பக்கம், பாதி நாக்கை வெட்டித் தச்ச ஓரத்துல மஞ்சளா ஒரு பொட்டு. ‘கரண்டு வச்ச ரணம் ஆறாமயும் இப்படித் தெரியலாம். அதுவே திரும்பி வந்திருந்தாலும் இப்படித் தெரியலாம். ரெண்டு மாசம் பொறுத்து இன்னொரு தடவை எடுத்துப் பாத்துருவோம்.’ வெள்ளை கேட்டா, ‘திரும்பி வந்திருந்தா என்னம்மா பண்ணுவீங்க?’ டாக்டரம்மா பென்சிலைக் கீழ வச்சுச்சு. அப்புறம், மிச்ச நாக்கையும் எடுத்துற வேண்டி வரும், பேச்சு போயிரும், சாப்பாடு வயித்துல குழாய் வச்சுத்தான், ஆனா உசுரு நிக்க வாய்ப்பிருக்குன்னு சொல்லுச்சு. அந்தம்மா மேல குத்தம் இல்லை, மெதுவாத்தான் சொல்லுச்சு. பேசுனா நாக்கும் வெளிச்சமாத் தெரியும்னு இன்னிக்கு இந்தப் பிள்ளை சொன்னப்ப, எனக்கு ஊசி குத்துனது கூடத் தெரியலை. பேச்சா இருக்குமோ? தோகைமலைக்காரரோட சினைமாடு தானோ அங்க மஞ்சளாத் தெரிஞ்சுது? சிரிப்பு வந்துச்சு. சிரிக்கக் கூடாது, சிரிச்சா வாய் வேலை செய்யும். ஆனா பேசுனா நாக்கு முழுக்கல்ல தெரியணும், ஒரு பொட்டா எப்படித் தெரியும்? முழுக்கவும் தெரிஞ்சு, அதுல ஒரு இடம் மட்டும் கூடத் தெரிஞ்சுதோ? பிரின்ஸியக் கேட்டிருக்கலாம். கேக்கலாம்னு வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள ஊசியை ஏத்திட்டு உதட்டு மேல விரலை வச்சுக் காட்டிட்டுப் போயிருச்சு. இன்னிக்குப் பேசலைன்னா இன்னிக்கு எடுக்குற படம் நெசம். அதுதான் பயமா இருக்கு. போன தடவை படத்தைக் கொறை சொல்ல எனக்கு ஒரு வழி இருக்கு, இந்தப் படத்தைக் கொறை சொல்ல வழி இருக்காது. தோகைமலைக்காரர் நாற்காலி இன்னிக்குக் காலியாக் கிடக்கு. மேல மடிச்ச கம்பளி. அவருக்கு என்ன ஆச்சோ. சீ, ஏன் அப்படி நெனைக்கணும், அவருக்கு வேற நாளு குடுத்திருப்பாங்க. வேற நாளுதான்.

அசைக்காதேன்னு சொன்னாத்தான் இந்த நாக்கு சும்மா இருக்க மாட்டேங்குது. போயிப் போயி அந்தத் தச்ச ஓரத்தையே தொடுது. தொடாதேன்னா அந்தப் பக்கம் பல்லுப் பிடுங்குன குழிக்குப் போகுது. கரண்டு வைக்கிறதுக்கு முன்னாடி நல்ல பல்லையும் சேத்துப் பிடுங்கிட்டாங்க, அங்க இப்ப ஒண்ணுமே இல்லை, அந்த ஒண்ணுமில்லாத எடத்துல இதுக்கு என்ன வேலை? இரு, படு, அசையாதே. வாயால பேசாட்டியும் மனசுக்குள்ள பேசுறேன்ல, அப்பவும் நாக்கு லேசா அசையுது. இப்பத்தான் கவனிக்கிறேன். தோகைமலைன்னு நெனச்சா நுனி மேல போயித் தட்டுது. வெள்ளைன்னு நெனச்சா மேல ஒட்டுது. அப்ப நெனைக்கவும் கூடாதா? மாட்டைப் பத்தி நெனைக்கலாம், மாடு பேசாது. மயிலைக் காளை ஒண்ணு, வெயில்ல நிக்குது, நான் பேசலை, அது நிக்குது, அவ்வளவுதான். வாயைத் தொறந்து பல்லைப் பாக்குறேன். எத்தனை ஆயிரம் மாட்டு வாயைத் தொறந்திருப்பேன்! மூக்கணாங்கயித்தைத் தூக்கிப் பிடிச்சு, கட்டை விரலை ஓரத்துல விட்டு, நாக்கை ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சா மாடு வாயை மூடாது. ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேந்தது. பாத்த மாத்திரத்துல வயசு சொல்லிருவேன். அப்பேர்ப்பட்டவன் வாயில, ஓரப் பல்லுக்குப் பக்கத்துல, ஒரு புண்ணு ஆறு மாசம் இருந்திருக்கு. வெத்தலையும் போயிலையும் போட்டு அதை மூடி வச்சுட்டுத் திரிஞ்சேன். அப்புறம் இதே டாக்டரம்மா துணியைச் சுத்தி என் நாக்கைப் பிடிச்சு ஒரு பக்கமா இழுத்தப்ப, அட, நம்ம பிடிதானே இதுன்னு தோணுச்சு. நான் வாயை மூடலை. மாடு எப்படி நிக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது எனக்கு.

இந்தப் பக்கத்து நாக்கு என் நாக்கே இல்லை. கை. இடது கை மணிக்கட்டுக்கு மேல இருந்து தோலும் சதையுமா உரிச்சு, ரத்தக் கொழாயோட எடுத்து, வெட்டுன பாதி நாக்குக்குப் பதிலா வச்சுத் தச்சுட்டாங்க. கையில இப்ப ஒரு பள்ளம், தொடையில இருந்து எடுத்த தோலைப் போட்டு மூடியிருக்கு. அந்தக் கூத்தைக் கேளுங்க, கைத்தோலாச்சே, நாக்குல முடி முளைக்க ஆரம்பிச்சிருச்சு. கஞ்சி குடிக்கும்போது ஏதோ இழை மாட்டுதுன்னு வெள்ளைகிட்டக் காட்டுனா, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ‘ஏங்க, நாக்குல முடி முளைச்ச மனுசனை இன்னிக்குத்தாங்க பாக்குறேன்’னா. சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் பொத்துன கைக்குள்ளயே சிரிச்சா பாருங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் அவ சிரிச்சது அதுதான் மொதத் தடவை. நானும் சிரிச்சேன், தையல் இழுத்துச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு, ரெண்டு பேருக்கும் வந்துச்சு. கரண்டு வச்சதுல அந்த முடி உதிர்ந்து போச்சு. உதிர்ந்ததுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

குளுருது. கம்பளிக்குள்ள கை ரெண்டும் சில்லுன்னு கிடக்கு. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்பவும் இதே குளுரு. கழுத்துல ஓட்டை போட்டுக் கொழாய் வச்சிருந்தாங்க, மூச்சு வரும், சத்தம் வராது. நர்ஸ் ஒரு சிலேட்டைக் குடுத்துச்சு எழுதச் சொல்லி. அஞ்சாப்புப் படிச்சவன் நான், ஒரு வரி எழுதி முடிக்கிறதுக்குள்ள சொல்ல வந்தது மறந்துரும். அப்ப வெள்ளை என்னா பண்ணுனா தெரியுமா? என் துண்டை எடுத்து என் கை மேல போட்டா. போட்டு, அடியில தன் கையை விட்டு என் விரலைப் பிடிச்சா. மாட்டுத் தரகுல வெலையை வாயால சொல்ல மாட்டோம், நாலு பேரு காதுல விழுந்தா வியாபாரம் கெட்டுப் போகும். துண்டுக்கு அடியில கையைக் கோத்துக்குவோம். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு, பாதி விரலைப் பிடிச்சா அரை, அஞ்சுக்கு மேலன்னா விட்டு மறுபடி பிடிக்கணும். பிடிக்கலைன்னா உதறிரணும். மூஞ்சில ஒண்ணும் காட்டக் கூடாது, அதுதான் தொழில். கல்யாணமான புதுசுல இவளுக்கு வெளையாட்டாச் சொல்லிக் குடுத்தேன். மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனா எல்லாரும் சுத்தி உக்காந்திருப்பாங்க, புதுப் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது. சேலை முந்தானைக்கு அடியில பேரம் நடக்கும், எத்தனை நாளு தங்குறதுன்னு. அவ அஞ்சு விரலைப் பிடிப்பா, நான் உதறிட்டு ஒண்ணைக் குடுப்பேன், கடைசியில மூணுல முடியும். மாமனார் என்கிட்ட மழையைப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பார். நானும் ஆமாமா, இந்த வருஷம் மழை இல்லைதான்னு சொல்லிக்கிட்டு இருப்பேன்.

ஆஸ்பத்திரியில வலியைப் பேரம் பேசுனோம். வலி பத்துக்கு எத்தனைன்னு நர்ஸ் வந்து வந்து கேக்கும். நான் ரெண்டு விரலைக் குடுப்பேன். வெள்ளை உதறிருவா. மூணு. உதறுவா. நாலு. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இன்னும் ஏத்துங்கிற மாதிரி விரலை அமுக்குவா. கடைசியில ஏழுக்கு வந்து நிக்கும், ஏழுதான் நெசம். சந்தையில எத்தனை பெரிய கையையும் ஏமாத்தியிருக்கேன், இவகிட்ட மட்டும் என் சரக்கு வெல போகாது. இத்தனைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டா என் முன்னால. கஞ்சி எத்தனை கரண்டின்னு அதுவும் பேரம்தான். நான் ரெண்டும்பேன், அவ பத்தும்பா, ஆறு உள்ள போகும். அந்த ஆறு ஆறாத்தான் நான் எந்திரிச்சு உக்காந்தேன்.

இப்ப அவளுக்குத் தெரியாம ஒரு காரியம் முடிவு பண்ணி வச்சிருக்கேன். புள்ளி நெசம்னா நான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கப் போறதில்லை. போதும். கை நாக்கை வச்சுக்கிட்டு, மாசக்கணக்கா ஒரு டீச்சரம்மாகிட்ட உக்காந்து, சின்னப்பிள்ளை மாதிரி க, கா, கி, கீ சொல்லிப் பழகி இந்தக் கொழகொழப் பேச்சைச் சம்பாரிச்சேன். அதை எடுத்துக்கிட்டுச் சந்தைக்கு ஒரு புதன்கிழமை போனேன். தொட்டியத்துல இருந்து வந்த ஒரு ஆளு, ‘என்னா சொல்றீங்க?’ன்னான். சொன்னேன். ‘என்னாங்க?’ன்னான். மறுபடி சொன்னேன். மூணாவது தடவை அவன் என்னைப் பாக்காமப் பக்கத்துல நின்ன நம்ம கூட்டாளித் தரகன் கருப்பையாவைப் பாத்து, ‘இவரு என்னாய்யா சொல்றாரு?’ன்னு கேட்டான். கெட்டவன் இல்லை அவன், அவனுக்கு விளங்கலை, அவ்வளவுதான். அன்னிக்குப் பாதியில திரும்பி வந்துட்டேன். இருக்குற இந்தப் பேச்சும் போயி, வயித்துல கொழாய மாட்டிக்கிட்டு, ம்ம் ம்ம்னு, ஆயுசு பூரா வாயில்லா ஜீவனை வித்தவன் வாயில்லா ஜீவனா வாசல்ல கிடக்கணும், அவ எனக்குத் தண்ணி காட்டித் தொட்டி கழுவிக்கிட்டு இருக்கணும். வேண்டாம். அவளுக்கும் அறுபது நெருங்குது, முழங்கால் வலி. படத்துல புள்ளி இருக்குன்னு சொன்ன அந்த வாரமே என் சந்தைத் துண்டைக் கொண்டு போயிக் கருப்பையாகிட்டக் குடுத்துட்டேன். பச்சைக் கரை போட்ட பெரிய துண்டு, மூலையில பீடி பட்டு ஓட்டை. எத்தனை கை அதுக்குள்ள வந்து போயிருக்கு! ‘வச்சுக்கடா, இனி நான் வர மாட்டேன்’னேன். அவன் என்னமோ சொல்ல வந்தான், நான் நிக்கலை. வெள்ளைகிட்ட எதுவும் சொல்லலை. துண்டு எங்கன்னு அவளும் கேக்கலை. கேக்காததே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

கேட்டா என்ன சொல்றது? இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குக் கேப்பா, விடுவாளா. துண்டைப் போட்டுத்தான் கேப்பா. பத்து வருஷம் உசுரோட இருக்கணும்னு ரெண்டு கையாலயும் பிடிப்பா. நான் உதறிட்டு அரை விரலைக் குடுக்கணும். அரை வருஷம், இந்தப் பேச்சோட, இந்தக் கஞ்சியோட, வீட்டுல. அவ அஞ்சுக்கு எறங்குவா. நான் அரையிலயே நிக்கணும். அவ மூணு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அரை. எத்தனை பேரை மடக்கியிருக்கேன், பிடிச்ச பிடியில நின்னா யாரா இருந்தாலும் எறங்கித்தான் ஆகணும். எறங்காத ஆளும் உண்டு, ஒருத்தரை, ஒரே ஒருத்தரைப் பாத்திருக்கேன். விராலிமலைப் பக்கம் ஒரு அம்மா. புருசன் கோவத்துல வித்துட்டுப் போன காளையைத் தேடிக்கிட்டுச் சந்தைக்கு வந்துச்சு. காளை அப்ப வேற கைக்கு மாறிருச்சு, வச்சிருக்கிறவன் ஏகத்துக்கும் ஏத்துறான். நான் துண்டைப் போட்டுக் கையை விட்டேன், அந்தம்மா எந்த விரலைப் பிடிக்குமோன்னு பாத்தா, விரலையே தொடலை. என் கையை முழுசா, அஞ்சு விரலும் உள்ளங்கையுமாச் சேத்துப் பிடிச்சு இறுக்கிருச்சு. வெல என்னவா இருந்தாலும் சரி, மாடு எனக்குன்னு அர்த்தம். எங்க அப்பா சொல்லிக் குடுத்திருக்கார், அப்படி ஒரு பிடி உண்டு, பிடிச்சா உதறக் கூடாது, அதுக்கு மேல பேரம் கிடையாதுன்னு. நாப்பது வருஷத்துல அந்த ஒரு தடவைதான் என் கைக்கு வந்துச்சு. வீட்டுக்கு வந்து வெள்ளைகிட்டச் சொன்னேன். அரிசி கழுவிக்கிட்டு இருந்தவ அப்படியே நிறுத்திட்டு, ‘காளைக்கு அந்தம்மாவைத் தெரிஞ்சுதா?’ன்னு மட்டும் கேட்டா.

‘அப்பா! ஆண்டியப்பன் அப்பா! கைய ஆட்டாதீங்க!’ அய்யோ, சொவத்துல இருந்து பேசுது, ஒலிபெருக்கி வச்சிருக்காங்க. மேல ஒரு கேமரா வேற. ‘கம்பளிக்குள்ள என்னமோ பண்ணிக்கிட்டே இருக்கீங்க. கையும் வேலை செய்யக் கூடாதுப்பா.’ பாத்தா நெசமாவே என் வலது கை கம்பளிக்கு அடியில பேரம் பேசிக்கிட்டு இருக்கு. ஆள்காட்டி விரலை மடக்கி, கட்டை விரலால பாதியில பிடிச்சு, அரை, அரை, அரைன்னு. எவ்வளவு நேரமா நடக்குதோ தெரியலை. நாக்கைக் கட்டிப் போட்டா கையி ஓடுது. தலையை ஆட்டுனேன் சரின்னு. அதுக்கப்புறம் கையையும் காலையும் நாக்கையும் அதது எடத்துல வச்சுக்கிட்டு, எதையும் நெனைக்காம, மயிலைக் காளையை மட்டும் வெயில்ல நிக்க வச்சுப் பாத்துக்கிட்டே கிடந்தேன். பயமா இருந்துச்சு. ரொம்பப் பயமா இருந்துச்சு. சாவுக்கு இல்லை. அரை விரலைக் குடுக்கும்போது அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சாத்தான் பயம்.

அப்புறம் கூட்டிட்டுப் போனாங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொல்லி, மெஷினுக்குள்ள படுக்க வச்சு, தலை ஆடாம ஒரு பட்டையைக் கட்டி, உள்ள தள்ளுனாங்க. வெள்ளையா ஒரு வளையம், அது பாட்டுக்குச் சுத்துச்சு. அங்க நான் எதையும் நெனைக்கலை, தூங்கிட்டேன்னு நெனைக்கிறேன். எந்திரிச்சு வந்ததும் பிரின்ஸி கையில இருந்த ஊசிக் கொழாயக் கழட்டிக்கிட்டே, ‘என்னப்பா, உங்க வலது கை மட்டும் நல்லா வெளிச்சமா விழுந்திருக்கு, அப்படி என்னதான் பண்ணுனீங்க?’ன்னு சிரிச்சுச்சு. சிரிக்குது. கெட்டதைப் பாத்தவ சிரிப்பாளா? மொகத்துல மாஸ்க்கு, கண்ணு மட்டும்தான் தெரியுது, கண்ணை வச்சு மாட்டுக்காரன் மனசையே சொல்லுவேன், இந்தப் பிள்ளை கண்ணுல ஒண்ணும் பிடிபடலை. கேட்டுட்டேன். ‘நாக்கு? நாக்குல?’ அது பஞ்சை வச்சு அமுக்கிப் பிடிச்சுது. ‘அதெல்லாம் டாக்டர் பாத்துத்தான்பா சொல்லணும். நாளைக்கு வாங்க.’ சரி, அதுவும் தொழில்காரிதான், மூஞ்சில காட்ட மாட்டா. தோகைமலைக்காரரைக் கேட்டேன். ‘யாரு, அந்த மாட்டுக்கார அப்பாவா? போன வாரம் வந்துட்டுப் போனாரே. உங்களுக்கு மேல பேசுறாரு அவரு.’ எனக்கு அந்த எடத்துலயே ஒரு பாரம் எறங்குச்சு. சொந்தமா பந்தமா, அந்த ஆளு இருக்காருன்னதும் எனக்கு ஏன் இப்படி அழுகை வருதுன்னு தெரியலை.

வெளிய வராந்தாவுல வெள்ளை ஒயர் கூடையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. என் தண்ணி பாட்டில் அவ கையில, மூடியைத் தொறந்து தயாரா வச்சிருந்தா. குடிச்சேன். பிரின்ஸி வந்து, ‘அம்மா, இன்னிக்கு ஒரு நாளு அப்பாகிட்ட இருந்து கொஞ்சம் தள்ளியே இருங்க, மருந்து உடம்புல இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போச்சு. வெள்ளை சரி கண்ணுன்னு சொல்லிட்டு, நடுவுல ஒரு நாற்காலி விட்டு உக்காந்தா. ‘என்னாங்க சொன்னாங்க?’ ‘நாளைக்கு.’ ‘ம்.’ கூடையில இருந்து கஞ்சிப் பாட்டிலை எடுத்தா, டம்ளரை எடுத்துக் கழுவுனா, கஞ்சியை ஊத்துனா, என் பக்கத்துல தள்ளி வச்சா. அப்புறம் கூடைக்கு அடியில கையை விட்டு ஒரு துண்டை எடுத்து ஒதறுனா. பச்சைக் கரை. மூலையில பீடி ஓட்டை.

‘இது எப்படி உன்கிட்ட?’

‘கருப்பையா அண்ணன் வீட்டுல போயி வாங்கிட்டு வந்தேன்.’

‘எப்ப?’

‘நீங்க குடுத்த மறுநாளே.’

ரெண்டு மாசமா! ரெண்டு மாசமாக் கூடவே உக்காந்து, கஞ்சி காச்சி, கழுத்துக்கு எண்ணெய் தடவி, ஒரு வார்த்தை கேக்காம இருந்திருக்கா. எனக்குத் தலை தூக்க முடியலை. ‘எதுக்கு வாங்குன?’ன்னு முணங்குனேன். ‘எதுக்குக் குடுத்தீங்க?’ன்னா. நான் டம்ளர் பக்கம் கையை நீட்டுனேன். ‘நான் ஒண்ணும் கேக்கலைங்க. கேட்டா நீங்க பேசிப் பேசியே என்னைச் சாச்சுப்புடுவீங்க, எனக்குத் தெரியாதா? கையைக் குடுங்க.’ நடு நாற்காலி மேல துண்டை விரிச்சா. அந்தப் பிள்ளை தள்ளி இருக்கச் சொல்லுச்சேன்னேன். ‘தள்ளித்தான் உக்காந்திருக்கேன், கையைக் குடுங்க.’ குடுத்தேன். துண்டுக்கு அடியில வலது கையை விட்டு, ஆள்காட்டி விரலை மடக்கிப் பாதியில பிடிச்சுத் தயாரா வச்சுக்கிட்டேன். மூஞ்சியையும் கல்லாட்டம் வச்சுக்கிட்டேன், எதிர்ல யாரோ ஒரு அம்மா கொழந்தைக்கு பிஸ்கட்டு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு, அதையே பாத்தேன். அவ கை உள்ள வந்துச்சு. சில்லுன்னு இருந்துச்சு, கஞ்சி டம்ளரைக் கழுவுன ஈரம். பத்தைப் பிடிப்பா, அஞ்சைப் பிடிப்பான்னு காத்திருந்தேன். அவ விரலைத் தொடலை. என் மடக்குன விரலையும் சேத்து, கையை முழுசா, உள்ளங்கையோட, பிடிச்சு இறுக்குனா.

விராலிமலை அம்மா பிடிச்ச பிடி. வெல என்னவா இருந்தாலும் சரி. நாக்கு இருந்தாலும் இல்லாட்டியும், பேசுனாலும் ம்ம்னாலும், கொழாயோ கஞ்சியோ, அவளுக்கு நான் வேணும். அவ்வளவுதான் அந்தப் பிடிக்கு அர்த்தம், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். திரும்பிப் பாத்தேன். அவ என்னைப் பாக்கலை, நேரா அந்தக் கொழந்தையப் பாத்துக்கிட்டு, மூஞ்சில ஒண்ணும் காட்டாம உக்காந்திருந்தா. கண்ணுல இருந்து மட்டும் தண்ணி அது பாட்டுக்கு ஓடுது, தொடைக்கலை, ஒரு கை துண்டுக்குள்ள, இன்னொரு கை கூடையைப் பிடிச்சிருக்கு. அரையாவது விரலாவது. எங்க போச்சுன்னே தெரியலை. அந்தப் பிடியை உதறுனவன் தரகனே இல்லை. நானும் இறுக்கிப் பிடிச்சேன்.

‘முடிஞ்சுதா?’ன்னா.

‘முடிஞ்சுது’ன்னேன். எனக்கே சரியாக் கேக்கலை, கொழகொழன்னு வந்துச்சு. அவளுக்குக் கேட்டுச்சு.

‘நாளைக்கு டாக்டரம்மா என்ன சொன்னாலும்?’

‘என்ன சொன்னாலும்.’

‘கஞ்சி ஆறுது, குடிங்க. காலையில இருந்து வெறும் வயிறு.’ ஆனா கையை விடலை அவ. அதனால இடது கையாலயே டம்ளரை எடுத்துக் குடிச்சேன்.